முள்ளங்கி போதும் என்று சொல்லவைத்த ஐந்தாவது பனிக்காலம்

தர்மபுரியில் இருந்தவரை எங்கள் வீட்டுத் தோட்டம் என்றால் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் நாலு வாழை. வீட்டுக்காரருக்கு வேலை மாறி ஓசூரில் மத்திகிரிப் பக்கம் குடிவந்த பிறகுதான், முட்டைக்கோசும் கேரட்டும் வீட்டிலேயே விளையும் என்று தெரிந்தது. ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரம், தர்மபுரி அதில் ஏறக்குறைய பாதி. இரண்டு மணி நேரப் பஸ் பயணம்தான் வித்தியாசம். ஆனால் மார்கழிக் காலையில் இங்கே ஸ்வெட்டர் இல்லாமல் மாடி ஏற முடியாது.

தோட்டக்கலைத் துறை தரும் மாடித்தோட்டத் தளையில் (பை, விதை எல்லாம் சேர்ந்த கிட்) வந்த ஆறு பைகளில் ஆரம்பித்தேன். இப்போது மாடியில் நாற்பது பை, வீட்டுக்குப் பின்னால் பத்துக்கு இருபது அடியில் ஒரு துண்டு நிலம். ஐந்து பனிக்காலம் ஆகிவிட்டது. எது உழைத்தது, எது காசைத் தின்றது என்று சொல்லும் அளவுக்குப் பழகிவிட்டேன்.

முதலில் பைகள். வெளியே வெள்ளை, உள்ளே கறுப்பு என்று மலிவாகக் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பைகளை ஆசைப்பட்டு இருபது வாங்கினேன். இரண்டாம் வருடம் ஒன்றைத் தூக்கியபோது அடி கையோடு வந்தது, மண் காலில் கொட்டியது. பச்சை நிறத்தில் நெய்த மாதிரி இருக்கும் எச்டிபிஇ என்கிற கெட்டி பிளாஸ்டிக் பைகள் இன்னும் நிற்கின்றன. கைப்பிடித் தையல்தான் முதலில் விடும், அதை நைலான் நூல் போட்டு நானே தைத்துக்கொள்கிறேன்.

தேங்காய்நார்க் கட்டி ஐந்து கிலோ வாங்கி ஊறவைத்தால் பெரிய டப் நிறையும். முதல் வருடம் அதை அலசாமல் அப்படியே போட்டேன், இளஞ்செடிகளின் இலை நுனியெல்லாம் கருகியது. அதிலிருக்கும் உப்பு. இப்போது இரண்டு முறை ஊறவைத்து வடித்த பிறகுதான் செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும் சம பங்கு சேர்க்கிறேன். 'மக்கிய' என்பதைக் கவனிக்கவும். பச்சைச் சாணியிலும் கல் கிடக்கிற மண்ணிலும் கேரட் இரண்டு கால், மூன்று காலாகப் பிளந்து வரும்.

சொட்டுநீர் செட் ஒன்றும் வாங்கினேன். எங்கள் போர்வெல் தண்ணீருக்கு ஆறே மாதத்தில் சொட்டுவாயெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து அடைத்துக்கொண்டது. ஊசி வைத்துக் குத்திக் குத்தி அலுத்துப் பரணில் ஏற்றிவிட்டேன். பனிக்காலத்தில் மண் சீக்கிரம் காயாது. விரலை இரண்டு கணு விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் வெயில் ஏறிய பிறகு ஒரு வாளி. அதற்கு மேல் ஊற்றினால் வேர் அழுகும்.

ஆனால் பை, மண், தண்ணீர் எல்லாம் சேர்த்துச் செய்த தப்பைவிடப் பெரிய தப்பு, விதைக்கும் நாளில் செய்தது. குளிர ஆரம்பித்ததும் விதைத்தால் போதும் என்று டிசம்பரில் விதைத்தேன். காலிஃபிளவர் பூக்கட்டும்போது மார்ச் வெயில் வந்துவிட்டது. பூ இறுகாமல் விரிந்து, மேலே அரிசி தூவின மாதிரி ஆனது. அடுத்த வருடம் ஒரு நாற்றங்காலில் நாற்று வாங்கினேன். தட்டிலேயே நாள்பட்டுக் கிடந்த நாற்று என்று நட்ட பிறகுதான் புரிந்தது. எலுமிச்சம்பழ அளவில் பூ வைத்து அதோடு நின்றது. இப்போது ஆவணிக் கடைசியில் குழித்தட்டில் நானே விதைக்கிறேன். இருபத்தைந்து நாளில் நாற்று நடவுக்கு வந்துவிடும். புரட்டாசி மழை நேரே விழுந்தால் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும் என்பதால் தட்டு ஜன்னல் சன்ஷேடுக்கு அடியில்தான் இருக்கும். பூ வெளியே தெரிந்ததும் மேலிலைகளை மடக்கி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டால் மஞ்சளாகாது.

நேரம் பிடிபட்டதும் விளைச்சல் கொட்டியது. மூன்றாம் வருடம் ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முப்பத்தொரு முள்ளங்கி, ஒன்பது நூக்கோல், நாலு முட்டைக்கோஸ். சாம்பார், பொரியல், முள்ளங்கிக் கீரைக் கடைசல், முள்ளங்கிச் சப்பாத்தி. பையன் டிபன் பாக்ஸைத் திறக்காமலே "இன்னிக்கும் அதேதானாம்மா?" என்றான், வாசனையை வைத்தே.

எதைக் காக்கவைக்கலாம், எதைக் கூடாது என்பது அப்புறம்தான் புரிந்தது. முள்ளங்கி நாற்பது நாளைத் தாண்டினால் உள்ளே சக்கை. நூக்கோல் கைப்பிடிக்குள் அடங்கும்போதே பறித்துவிட வேண்டும், விட்டால் நார். முற்றிய கோசுக்குத் தண்ணீர் காட்டினால் வெடிக்கும். கேரட்டும் பீட்ரூட்டும் அப்படியில்லை. குளிர் இருக்கும்வரை மண்ணுக்குள்ளேயே இரண்டு மூன்று வாரம் கிடக்கும், வேண்டும்போது பிடுங்கலாம். ஃப்ரிட்ஜ் தனியாக வேண்டாம். அதனால் இப்போது முள்ளங்கியை மட்டும் பத்து நாளுக்கு ஒரு தரம், தரத்துக்குப் பத்து விதை. எழுதும்போது சுலபமாகத்தான் இருக்கிறது, கை கேட்பதில்லை. இந்த வருடமும் விதை கூடுதலாகத்தான் விழுந்தது.

பூச்சி பற்றிச் சுருக்கமாக. மொச்சைக் கொழுந்தில் கறுப்பாக அசுவினி அப்பும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் அடித்தால் மட்டுப்படும். பொறிவண்டு வந்துவிட்டால் அதுவும் வேண்டாம். பட்டாணியில் சாம்பல் நோய் வராத வருடமே இல்லை, அதனால் பட்டாணியை விட்டுவிட்டேன். குரங்குக்கு மருந்து கிடையாது. தளி, ஜவளகிரிப் பக்கம் ராகி போட்டவர்கள் இதே மாதங்களில் யானைக்குக் கண்விழித்துக் காவல் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவேன்.

இத்தனை இங்கிலீஷ் காய் போட்டும், எல்லாவற்றிலும் நிறைவாக இருந்தது நம்ம ஊர் மொச்சைதான். இந்தப் பக்கம் ராகிக் காட்டில் சாலுக்குச் சால் ஊன்றுவார்களே, அதே விதை. ஆடியில் வேலியோரம் ஊன்றினேன். கார்த்திகை வரை வெறும் கொடியாகவே படர்ந்தது. வெட்டிவிடலாம் என்று அரிவாளை எடுத்தபோது பக்கத்து வீட்டுத் தெலுங்கு அவ்வா தடுத்தார். "பொழுது சுருங்கினாத்தாம்மா அது பூக்கும். பனி குடிச்சாத்தான் காய் மணக்கும்." அப்படியே ஆனது. மார்கழிக் காலையில் காயைப் பறித்தால் விரலில் எண்ணெய் மாதிரி ஒட்டும், கை கழுவினாலும் வாசனை போகாது. கன்னடக்காரர்கள் அதைச் சொகடு என்கிறார்கள்.

கொட்டையை ராத்திரி ஊறவைத்து, காலையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு மட்டும் பிதுங்கி வரும். முதல் நாலைந்து ஃப்ரிட்ஜுக்கு அடியில் போய்விழும், அப்புறம் கை பழகும். ஒரு படி பிதுக்க ஒன்றரை மணி நேரமானது. ராகிக் களிக்கு அந்தப் பிதுக்குப்பருப்புக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்ட அன்று பையன் ஒன்றும் கேட்கவில்லை.

இந்த முறை இரண்டு கொடியை விதைக்கு விட்டேன். சாம்பல் போட்டு வைத்தால்தான் ஆடிவரை வண்டு விழாது என்றார் அவ்வா. எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, சாம்பலுக்கு எங்கே போவது? அவருடைய வெந்நீர் அடுப்பிலிருந்து ஒரு சொம்பு வாங்கிக்கொண்டேன். பதிலுக்கு இரண்டு முட்டைக்கோஸ் கொடுத்தேன். முள்ளங்கி வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்.