குழந்தை வளர்ச்சிச் செயலி: ஐந்தரை ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மகள் பிறந்து இரண்டு மாதம் ஆனபோது கைபேசியில் நிறுவிய ஒரு செயலியை, அவளுக்கு ஐந்தரை வயது நிறையும் வரை, இடையில் பிறந்த மகனையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு, ஏறத்தாழ வாரம் தவறாமல் பயன்படுத்தியிருக்கிறேன். குழந்தையின் மன வளர்ச்சியையும் பிறரோடு பழகும் திறனையும் வயதுக்கேற்ற கேள்விகளின் வழியாகப் பதிந்துகொண்டு, அந்தப் பதிவை வரைபடமாகக் காட்டி, வீட்டில் விளையாடத்தக்க விளையாட்டுகளைப் பரிந்துரைப்பது அதன் வேலை. இந்த வகைச் செயலிகள் பல உள்ளன. நான் பார்த்தவரை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையாக இருப்பதால் இதன் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இது கேட்கும் கேள்விகள் நன்றாக இருக்கின்றன. நாம் தரும் விடைகளை வைத்துக்கொண்டு இது செய்கிற காரியங்கள்தான் நன்றாக இல்லை.

முதலில் கேள்விகளைப் பற்றி. ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'சில நேரம்', 'இன்னும் இல்லை' என மூன்று விடைகள் உண்டு. பக்கத்திலேயே அரை நிமிடக் காணொளி ஒன்றும் இருக்கும். அந்தக் காணொளிதான் இச்செயலியின் உயிர். குழந்தை சிரிக்கிறதா என்று வெறுமனே கேட்டால் எந்தப் பெற்றோரும் யோசிக்காமல் ஆம் என்றுதான் சொல்வார்கள். தூக்கத்தில் உதடு சுழித்துத் தானாகத் தோன்றும் சிரிப்பு வேறு; ஆறு முதல் எட்டு வாரங்களில், எதிரே உள்ள முகத்தைக் கண்டு மலரும் சிரிப்பு வேறு. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டியபோதுதான், அதுவரை நான் மகிழ்ச்சியோடு குறித்துவைத்திருந்த சிரிப்புகளில் பாதி எனக்கானவை அல்ல என்று தெரிந்தது.

ஒன்பது மாதத்துக்கும் பதினைந்து மாதத்துக்கும் இடைப்பட்ட கேள்விகள் இன்னும் சிறப்பானவை. விரல் நீட்டிக் காட்டுவதை இது இரண்டாகப் பிரித்துக் கேட்கிறது. எட்டாத பொருளை எடுத்துத் தரும்படி காட்டுவது ஒன்று. பறந்துபோகும் பறவையை, நீயும் பார் என்பதற்காக மட்டுமே காட்டிவிட்டு, நாம் பார்த்தோமா என்று நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. முதலாவதில் குழந்தைக்கு நம்முடைய கை மட்டும் போதும்; இரண்டாவதில் நம்முடைய கவனம் வேண்டும். ஒரே பொருளின் மேல் இருவருடைய பார்வையும் கூடுகிற இந்தப் பழக்கத்தின் மேல்தான் பின்னர் சொற்கள் வந்து அமர்கின்றன. நாம் எதைப் பார்த்துக்கொண்டே ஒரு பெயரைச் சொல்கிறோம் என்பது தெரிந்தால்தான் அந்தப் பெயர் எதற்குரியது என்பதும் குழந்தைக்கு விளங்கும். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் பத்துப் பருவங்களுள் ஒன்றை அம்புலிக்கென்றே ஒதுக்கியது, இந்தக் கேள்விக்கு விடை குறித்த நாளில் என் நினைவுக்கு வந்தது. மடியில் இருப்பவரும் மடி தந்தவரும் ஒரே திசையில் பார்ப்பதற்கு நிலவைவிடத் தோதான பொருள் ஏது?

இனி வரைபடத்துக்கு வருகிறேன். விடைகளைக் கூட்டி, அந்த வயதின் 'சராசரிக் குழந்தை'யோடு ஒப்பிட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களில் இது காட்டுகிறது. மகளுக்குப் பதின்மூன்று மாதம் ஆனபோது, அவள் இன்னும் நடக்கவில்லை, தவழவும் இல்லை என்பதற்காகப் பக்கம் மஞ்சளாக மாறியது. தவழாமல் அமர்ந்தபடியே நகர்ந்து போகும் குழந்தைகளுள் அவள் ஒருத்தி. உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அளவீட்டின்படி, நலமான குழந்தைகள் பிடிப்பின்றித் தனியே நடக்கத் தொடங்கும் காலம் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரை நீள்கிறது. கைகளையும் முழங்கால்களையும் ஊன்றித் தவழாமலேயே எழுந்துவிட்ட குழந்தைகளும் அந்த ஆய்வில் 4 விழுக்காட்டுக்குச் சற்று மேலே இருந்தார்கள். இத்தனை அகலமான ஒரு காலத்தை ஒற்றைக் கோடாகச் சுருக்கி, அதற்கு இந்தப் பக்கம் பச்சை, அந்தப் பக்கம் மஞ்சள் என்று வண்ணம் பூசினால் அந்த மஞ்சளுக்கு என்ன பொருள்? போதாக்குறைக்கு, நடையின் மதிப்பெண்ணையும் மனவளர்ச்சியின் மதிப்பெண்ணையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகத் தருவதால், கால் தாமதித்தது மனம் தாமதித்ததைப் போலத் திரையில் தெரிந்தது.

இது செயலியை உருவாக்கியவர்களின் கவனக்குறைவு மட்டும் அன்று. பழைய பட்டியல்களிலேயே இருந்த கோளாறு. ஒரு செயலைப் பாதிக் குழந்தைகள் செய்துவிடும் வயதை எல்லையாக வைத்தால், நலமாக இருக்கும் மறுபாதி அந்த எல்லையை என்றும் தாண்டியே நிற்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது, 75 விழுக்காடோ அதற்கு மேலோ குழந்தைகள் செய்யக்கூடிய வயதில் ஒவ்வொரு செயலையும் வைத்தது. தவழ்தலைப் பட்டியலிலிருந்து எடுத்தேவிட்டது. நான் கடைசியாகப் புதுப்பித்த பதிப்பிலும் இந்தச் செயலி தவழ்தலைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. மகள் பதினைந்தரை மாதத்தில் நடந்தாள். அதற்கு இடைப்பட்ட பத்து வாரங்களில் எங்கள் வீட்டில் நிலவிய பேச்சையும் மௌனத்தையும் அந்த மஞ்சள் நிறத்தின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

மகன் ஐந்து வாரம் முன்னதாகப் பிறந்தவன். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, முன்வந்த வாரங்களைக் கழித்த திருத்திய வயதைக் கொண்டே ஏறத்தாழ இரண்டு வயது வரை வளர்ச்சியைப் பார்ப்பது மருத்துவ வழக்கம். அதற்கான வசதி செயலியில் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யும்போது கேட்காமல், அமைப்புகளுக்குள் மூன்றாம் அடுக்கில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்கு எனக்கு நான்கு மாதம் ஆனது.

பிறரோடு பழகும் திறனைப் பற்றிய பகுதிதான் எனக்குப் பெரிய ஏமாற்றம். இரண்டு வயதில் அது கேட்கும் கேள்வி: 'பிற குழந்தைகளோடு சேர்ந்து விளையாடுகிறதா? பொம்மையைப் பகிர்ந்துகொள்கிறதா?' இரண்டுக்கும் இல்லை என்று விடையளித்தேன். திரை மீண்டும் மஞ்சளானது. மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் குழந்தைகளின் விளையாட்டை ஆராய்ந்து வகைப்படுத்தியதில் இன்றும் பயன்படும் ஒரு வகை, அருகருகே அமர்ந்து ஒரே மாதிரியான பொருள்களை வைத்துக்கொண்டு அவரவர் போக்கில் விளையாடுவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளாத நிலையாகத் தோன்றும். கால் மணி நேரம் கூர்ந்து பார்த்தால், ஒரு குழந்தை கோபுரம் கட்டத் தொடங்கியதும் மற்றதும் கட்டுவதும், ஒன்று எழுந்துபோனதும் மற்றதன் விளையாட்டு தளர்வதும் தெரியும். இது கூடி விளையாடுவதற்குத் தெரியாத குழந்தையின் குறையும் அன்று, ஏறிக் கடந்துவிட வேண்டிய படியும் அன்று. நான்கு வயதுக் குழந்தைகளும் புதியவர்களிடையே போய் உட்காரும்போது முதலில் இப்படித்தான் பக்கத்தில் இடம்பிடித்து, பிறகு உள்ளே நுழைகிறார்கள். செயலியின் விடைப் பட்டியலில் இதற்கு இடமே இல்லை.

'எனது' என்ற சொல்லுக்கும் இதே அநீதி நேர்ந்திருக்கிறது. மூக்கில் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டால், தன் மூக்கையே தொட்டுப் பார்க்கும் நிலை பெரும்பாலும் 18 முதல் 24 மாதத்துக்குள் வருகிறது. பியூலா ஆம்ஸ்டர்டாம் 1972இல் செய்து காட்டிய சோதனை இது. கண்ணாடியில் இருப்பது நான் என்று அறிகிற அதே பருவத்தில்தான் இது என்னுடையது என்ற பிடியும் இறுகுகிறது. நான் என்பது உருவான பிறகுதான் என்னுடையதை உனக்குத் தருகிறேன் என்பதற்குப் பொருள் உண்டாகும். செயலியோ அந்தப் பிடியைப் 'பிடிவாதம்' என்ற தலைப்பின் கீழ் வைத்து, அதைக் குறைப்பதற்கு ஐந்து வழிகளைத் தருகிறது.

மூன்று வயதுக்கு மேற்பட்ட பகுதியில் ஒரு விளையாட்டு என்னை மிகவும் கவர்ந்தது. ஒரு சிறுவன் பந்தைப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது வேறொருவர் அதைக் கூடைக்கு மாற்றிவிடுகிறார். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் 1983இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளைத்த சோதனை இது. மூன்றரை வயதில் மகள் சற்றும் தயங்காமல் 'கூடையில்' என்றாள். பந்து அங்கேதானே இருக்கிறது! நான்கரை வயதில் 'பெட்டியில்' என்று சொல்லிவிட்டு, பாவம், அவனுக்குத் தெரியாதே என்று சேர்த்துக்கொண்டாள். பிறர் மனத்தில் இருப்பது உண்மைக்கு மாறாகவும் இருக்கலாம் என்ற அறிவு நான்கு வயதை ஒட்டித் தெளிவாகத் தென்படுகிறது என்பதைப் படித்திருந்தேன். அதை ஒரு முகத்தில் பார்த்தது செயலியின் புண்ணியம். அதே மாதத்தில் அவள் சாமர்த்தியமான முதல் பொய்யையும் சொன்னாள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வருபவை என்பதை ஒரு வரியில் விளக்கியிருந்தால் எத்தனையோ வீடுகளில் தேவையற்ற தண்டனைகள் குறைந்திருக்கும். அதற்கு மாறாக, பொய் சொல்லாத வாரத்துக்கு ஒரு நட்சத்திரம் வழங்குகிறார்கள்.

குழந்தை தனக்குத்தானே பேசிக்கொள்வதையும் 'கவனிக்க வேண்டியவை' பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். பிறரை நோக்காத இந்தப் பேச்சை முதிர்ச்சியின்மையின் அடையாளமாகக் குழந்தை உளவியலாளர் பியாஜே 1920களில் கருதினார் என்பது உண்மைதான். ஆனால் குழந்தை தன் செயலைத் தானே நெறிப்படுத்திக்கொள்வதற்கான கருவி அது என்றும், பின்னர் அதுவே ஒலியடங்கிச் சிந்தனையாகிறது என்றும் மற்றோர் உளவியலாளரான வைகாட்ஸ்கி மறுத்து எழுதிய பின், பிற்கால ஆய்வுகள் பெரிதும் அவர் பக்கமே சாய்ந்தன. வேலை கடினமாகும்போது இந்தப் பேச்சு கூடுகிறது என்பதை, 'இது இங்கே இல்லை, இதைத் திருப்பணும்' என்று முணுமுணுத்தபடி துண்டுப் படங்களைச் சேர்க்கும் எந்தக் குழந்தையிடமும் காணலாம்.

இனிப்பை உண்ணாமல் காத்திருக்கும் குழந்தை பிற்காலத்தில் நன்கு தேறும் என்று சொல்லப்பட்ட 'பொறுமைச் சோதனை' பற்றி நீண்ட பாராட்டுக் கட்டுரை ஒன்றும் உள்ளே இருக்கிறது. 900க்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து 2018இல் அந்த ஆய்வை மீண்டும் செய்தபோது, குடும்பச் சூழலையும் தொடக்க அறிவுத்திறனையும் கணக்கில் எடுத்ததும் காத்திருப்புக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலும் கரைந்துவிட்டது. கட்டுரை இன்னும் திருத்தப்படவில்லை. ஒரு வயதுக் குழந்தைக்கென்று திரையைத் தொட்டு விளையாடும் விளையாட்டுகள் இருப்பது அதைவிட உறுத்துகிறது. அந்த வயதில் திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயதில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மிகாமல் இருக்கட்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே பரிந்துரைத்துவிட்டது.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் நான் இதை நீக்காததற்குக் காரணம் மகனுடைய பதினேழாம் மாதம். பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகிறானா என்ற கேள்விக்கு நானும் என் மாமியாரும் தனித்தனியே விடை குறித்திருந்தோம். இந்தச் செயலியில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் பதியலாம், அது அருமையான வசதி. நான் 'சில நேரம்' என்றும் அவர் 'ஆம்' என்றும் குறித்திருந்தோம். யார் தவறு என்று பேசப்போய், அவர் எப்போதும் அவனுக்கு எதிரே வந்து நின்று அழைப்பவர், நான் பின்னாலிருந்து அழைப்பவள் என்பது தெரியவந்தது. தேதியிட்ட குறிப்புகளோடு மருத்துவரிடம் போனோம். இரு காதுகளிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறைந்திருந்தது. சிகிச்சைக்குப் பின் அவன் சொற்கள் விரைந்து வந்தன. நோயைக் கண்டறிந்தவர் மருத்துவர்தான். செயலி செய்ததெல்லாம் இருவரையும் ஒரே கேள்விக்கு விடை சொல்ல வைத்தது மட்டுமே. அந்த வேறுபாட்டை அதுவே தன் முகப்பில் எழுதியிருக்க வேண்டும்.

கற்ற ஒன்றை, அது சொல்லாகட்டும், சைகையாகட்டும், கண்பார்த்துப் பழகுவதாகட்டும், குழந்தை எந்த வயதிலேனும் இழந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்ற இன்றியமையாத அறிவுறுத்தல் உதவிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் கிடக்கிறது. செயலியை உருவாக்கியவர்கள் யாரேனும் இந்த மதிப்புரையைப் படித்தால், வேறெதையும் திருத்தாவிட்டாலும் இதையாவது மேலே கொண்டுவரட்டும்.

ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தருகிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் முதல் நாளே அறிவிப்புகளை நிறுத்தி, வரைபடத்தை மறைக்கும் தெரிவைத் தேர்ந்தெடுத்து, குறைமாதக் குழந்தையெனில் திருத்திய வயதை இட்டு, குழந்தையோடு நாள்தோறும் இருக்கும் இன்னொருவரையும் பதிவாளராகச் சேர்த்துக்கொள்வது நல்லது. கேள்விகள் ஐந்தரை வயதோடு முடிந்துவிடுகின்றன. முடிந்த அன்று மகளுடைய பதிவுகளைக் கோப்பாக இறக்கிக்கொண்டேன். காணொளிகளும் குறிப்புகளும் தேதி வரிசையில் வந்திருந்தன, வரைபடம் வரவில்லை. அதைக் கேட்டு எழுதலாமா என்று கணவர் கேட்டார், வேண்டாம் என்றேன்.