வீட்டு ஆர்கேட் கிட்: என் 34,500 ரூபாய் போன கதை, வாங்கும் முன் படித்துவிடுங்கள்

கடைகளில் நின்றுகொண்டு ஆடுவோமே, அந்த மாதிரி வீடியோ கேம் மிஷினை வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட் ஒன்றை எனக்கு விற்றவன், நேற்று ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். அனுப்பிய மெசேஜ் ஒற்றை டிக்கோடு நிற்கிறது, போட்டோவும் காணாமல் போய்விட்டது. மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் கட் செய்தான், பிறகு அந்த நம்பரும் பிளாக். 34,500 ரூபாய். கை நடுங்க இதை டைப் செய்கிறேன். கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளில் ஈரோட்டில் வளர்ந்தவன் நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. ஒரு ரூபாய் காசு போட்டால் ஒரு ஆட்டம். நாங்கள் எல்லோரும் ஆடியது முஸ்தஃபா. அந்த கேமின் உண்மைப் பெயர் கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ் என்பதும், கேப்காம் 1993இல் வெளியிட்டது என்பதும் ரொம்ப வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. எங்களுக்கு அது முஸ்தஃபாதான். அதை என் மகளுக்கு நின்றுகொண்டே, ஜாய்ஸ்டிக்கைப் பிடித்து ஆடிக் காட்ட வேண்டும் என்பது பல வருஷ ஆசை. அவள் இப்போது ஐந்தாம் வகுப்பு. காலாண்டு லீவில் இரண்டு பேரும் சேர்ந்து பூட்டலாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஆள் ஆளுக்குப் பொருள் விற்கிற ஒரு செயலியில்தான் விளம்பரத்தைப் பார்த்தேன். பெயர் சொல்லவில்லை, யார் வேண்டுமானாலும் விளம்பரம் போடலாம் என்கிற வகை. "இரண்டு பேர் ஆடும் ஆர்கேட் கேபினெட், முழு கிட், நீங்களே பூட்டிக்கொள்ளலாம்." வெட்டித் துளை போட்ட எம்டிஎஃப் பலகைகள், 19 இன்ச் மானிட்டர், ராஸ்ப்பெர்ரி பை 4 (கேமை ஓட்டும் கையளவுக் கம்ப்யூட்டர் போர்டு), ஜப்பான் சான்வா ஜாய்ஸ்டிக் இரண்டு, பட்டன்கள், யுஎஸ்பி என்கோடர் போர்டு (பட்டன் அழுத்துவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது) இரண்டு, எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரன்டைச் சின்ன வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி), ஆம்ப், ஸ்பீக்கர், மேலே ஒளிர எல்இடி பட்டை, எல்லா ஒயரும் முனை அடித்துத் தயார். விலை 37,000.

முதல் போனிலேயே ஏமாந்துவிடவில்லை. இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாவது நாள் அவனே வீடியோ கால் போட்டான். நாற்பது நிமிஷம் பேசினான். நான் விழுந்தது அங்கேதான். பின்னால் நீலம் அடித்த சுவர், அதன் முன் ஒரு கேபினெட் ஓடிக்கொண்டிருந்தது. "நானும் நம்ம பக்கந்தானுங்கண்ணா, கோயமுத்தூரு. நீங்க எந்தக் கடைல ஆடுனீங்க?" என்று கேட்டான். சொன்னேன். "முஸ்தஃபாவுல கார் வர்ற ஸ்டேஜ் ஞாபகம் இருக்குங்களா?" என்றான். இருபத்தைந்து வருஷமாக ஒருத்தரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

தொழிலும் தெரிந்தவனாகத்தான் பேசினான். அந்தக் காலத்து மிஷின்களில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு ஒயரிங் இருந்ததையும், 1985இல் ஜப்பானில் ஜாமா என்ற பொது முறை வந்தபிறகு 56 பின் கனெக்டர் ஒன்றைக் கழற்றி மாட்டினாலே கேம் போர்டை மாற்ற முடிந்ததையும் சொன்னான். அதில் பட்டனுக்கு இடம் குறைவு என்பதால் ஆறு பட்டன் வேண்டிய ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு உதைக்கும் பட்டன்களைத் தனி ஒயரில் இழுக்க வேண்டியிருந்ததாம். "இப்ப அந்தத் தொல்லையே இல்லீங்கண்ணா, எல்லாம் யுஎஸ்பி." பிறகு தேடிப் பார்த்தேன், சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. அதனாலேயே மற்றதையும் நம்பினேன். விஷயம் தெரிந்தவன், இந்த விளையாட்டை நேசிக்கிறவன் எப்படி ஏமாற்றுவான் என்று நினைத்தேன்.

அந்த காலின் கடைசியில்தான் சொன்னான்: "ஆப்ல போனா கமிஷன் புடிச்சுக்கறாங்கண்ணா. நேரா எனக்கே போட்டுடுங்க, 2,500 கொறச்சுக்கறேன்." 37,000 அப்படித்தான் 34,500 ஆனது. அட்வான்ஸ் 10,000, பொட்டலம் கட்டிய போட்டோ வந்ததும் 24,500, இரண்டும் ஜிபேயில் அவன் சொந்த நம்பருக்கு. பில் கேட்டேன். "பொட்டிக்குள்ளயே வெச்சுடறேங்கண்ணா" என்றான். பெட்டிக்குள் பில் இல்லை.

ஐந்து நாளில் வரும் என்றது பதினாறாம் நாள் வந்தது. பலகைகள் நன்றாகவே இருந்தன, அதை மறைக்க மாட்டேன். மகளும் நானும் ஒரே நாளில் மரக்கூட்டைப் பூட்டிவிட்டோம். அடுத்த நாள் எலெக்ட்ரானிக்ஸ் பெட்டியைத் திறந்தோம்.

ராஸ்ப்பெர்ரி பை 4 என்றால் இரண்டு சின்ன மைக்ரோ ஹெச்டிஎம்ஐ வாய் இருக்கும், கரன்ட் யுஎஸ்பி-சி வழியாகப் போகும். எனக்கு வந்ததில் பெரிய ஹெச்டிஎம்ஐ வாய் ஒன்று, கரன்டுக்கு மைக்ரோ யுஎஸ்பி. அது பை 3, முந்தைய மாடல். அதுவும் ஏற்கனவே எதிலோ இருந்து கழற்றியது, ஸ்க்ரூ துளைகளைச் சுற்றித் தேய்ந்திருந்தது. ஜாய்ஸ்டிக்கில் சான்வா என்ற பெயரே இல்லை. அசலில் நான்கு மைக்ரோ ஸ்விட்சும் ஒரே சின்ன போர்டில் உட்கார்ந்து ஐந்து பின் கனெக்டரில் முடியும். இதில் நான்கும் தனித்தனி ஸ்விட்ச், கையால் சால்டர் வைத்த ஒயர்கள். போன் செய்தேன். "அந்தக் காலத்து கேமுக்கு பை 3யே தாராளமுங்கண்ணா. ஸ்டிக்கு சான்வா ஸ்டைலுன்னுதான் சொன்னேன்." பாதி உண்மை, பழைய கேம்கள் பை 3இல் ஓடும்தான். நான் காசு கொடுத்தது பை 4க்கு. ஆனால் மகள் பக்கத்தில் நின்று "அப்பா, சீக்கிரம்" என்று இழுத்துக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டேன். அன்றே விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

வழிகாட்டி என்று மூன்று ஜெராக்ஸ் தாள். அதில் இருந்த ஒயர் நிறத்துக்கும் பெட்டியில் இருந்த நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை. பட்டன்கள் சிக்கல் இல்லாமல் முடிந்தன. ஒரு பட்டனுக்கு இரண்டு ஒயர், அதைக் கொண்டுபோய் என்கோடரில் சொருகினால் போதும். ஜாய்ஸ்டிக்கில்தான் ஒரு நாள் முழுக்கப் போனது. ஸ்டிக்கை மேலே தள்ளினால் உள்ளே அழுந்துவது கீழ்ப்பக்க ஸ்விட்ச், இடது பக்கம் தள்ளினால் வலது பக்கத்து ஸ்விட்ச். தாளில் அது இல்லை, நாங்களாகக் கண்டுபிடித்தோம். அப்படியும் முதல் ஆட்டக்காரன் யாரும் தொடாமலே இடது பக்கம் நடந்துகொண்டே இருந்தான். மோட்டார் வைண்டிங் செய்கிற என் மச்சான் வந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "மாமா, ஸ்விட்ச்ல மூணு கால் இருக்குது பாருங்க. காம், என்ஓ, என்சி. காம்லயும் என்ஓலயும் வெக்கணும், அழுத்துனா மட்டும் சேரும். இவன் என்சில வெச்சிருக்கான், அதனால எப்பவும் அழுத்துன மாதிரியே இருக்குது." சால்டரை எடுத்து மாற்றி வைத்தான். சரியானது.

அடுத்தது திரை மூலையில் மஞ்சள் மின்னல் குறி. போர்டுக்கு வருகிற 5 வோல்ட் 4.63க்குக் கீழே இறங்கினால் அந்தக் குறி வரும். கேம் நடுவில் அணைந்து அணைந்து வந்தது. விற்றவனிடம் கேட்டேன். அவன் சொன்னது, வார்த்தைக்கு வார்த்தை: "போன் சார்ஜர் பத்தாதுங்கண்ணா. நம்ம எஸ்எம்பிஎஸ்ல 5 வோல்ட் எடுத்துக் குடுத்துருங்க. எல்லாம் செட் பண்ணி டெஸ்ட் பண்ணித்தான் அனுப்பிச்சிருக்கேன், பிளக்கைச் சொருகுனா போதும்."

மச்சான் அன்றைக்கு வேலைக்குப் போயிருந்தான். எல், என், எர்த் மூன்றும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு நான் சுவிட்சைப் போட்டேன்.

பட்டாசு மாதிரி ஒரு வெடி. ஓட்டை போட்ட தகர மூடி வழியாக வெள்ளைப் புகை, மூக்கை எரிக்கிற நாற்றம். எம்சிபி விழுந்து வீடு இருட்டாகிவிட்டது. மகள் அந்தப் பெட்டியிலிருந்து இரண்டடி தூரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எதுவும் ஆகவில்லை. இரண்டு நாள் அந்த அறைக்குள் வரவே மாட்டேன் என்றாள். காசைவிட எனக்கு ஆத்திரம் இதில்தான்.

சாயங்காலம் மச்சான் மூடியைக் கழற்றினான். பக்கவாட்டில் ஓட்டைக்குள்ளே சின்னச் சிவப்பு ஸ்லைடு ஸ்விட்ச், 115 / 230 என்று எழுதியிருந்தது. அது 115இல் நின்றது. நம் வீட்டில் வருவது 230 வோல்ட். 115இல் வைத்தால் உள்ளே வருகிற வோல்ட்டை இரட்டிப்பாக்குகிற மாதிரி சுற்று மாறிவிடும். அதில் 230ஐக் கொடுத்தால் 200 வோல்ட் தாங்குகிற கெப்பாசிட்டர் ஒவ்வொன்றிலும் 320க்கு மேல் ஏறும், வெடிக்காமல் என்ன செய்யும்? இந்தியாவில் டெஸ்ட் செய்து அனுப்பிய பொருளாக இருந்தால் அவன் வீட்டிலேயே வெடித்திருக்கும். அவன் அதை ஒரு தடவைகூட பிளக்கில் சொருகவில்லை.

அன்றிலிருந்து ஆரம்பித்தது அலைக்கழிப்பு. முதலில், "நீங்க ஏதோ மாத்திக் குடுத்துட்டீங்கண்ணா." போட்டோ அனுப்பினேன். "கூரியர்ல ஸ்விட்ச் நகந்திருக்கும்." ஸ்க்ரூ டிரைவர் முனை விட்டுத்தான் அதை நகர்த்தவே முடியும். மூன்றாவது நாள் குரலே மாறி, பாசமாகப் பேசினான்: "பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலீங்களே? மனசு கேக்கலைங்கண்ணா. எலெக்ட்ரானிக்ஸ் பொட்டிய அப்படியே அனுப்பிச்சு விடுங்க. மானிட்டரும் வெச்சுருங்க, நான் மொத்தமா ஓட்டிப் பாத்து வீடியோ போட்டுட்டு அனுப்பறேன். பை 4யே போட்டுத் தர்றேன்." மகளைப் பற்றிக் கேட்டான் அல்லவா, அந்த ஒரு வார்த்தையில் மறுபடியும் நம்பினேன். மானிட்டர் உட்பட எல்லாவற்றையும் கட்டி, 780 ரூபாய் கூரியர் கட்டி அனுப்பினேன்.

டெலிவரி ஆகிவிட்டது என்று கூரியர் மெசேஜ் வந்தது. அதன்பிறகு "நாளைக்குப் பாக்கறேங்கண்ணா", "ஊர்ல ஒரு விசேஷம்", "ஸ்பேர் வரணும்". ஒன்பது நாள். நேற்று நான் "பொருளும் வேண்டாம், 34,500ஐத் திருப்பிப் போடுங்கள்" என்று எழுதினேன். அதற்கு வந்த பதில்தான் பிளாக்.

செயலிக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். "பணப் பரிமாற்றம் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்திருப்பதால் உதவ இயலவில்லை" என்று ஒரு வரி. பேசுவதற்கு மனிதர் யாரும் இல்லை. மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் அதே வரி.

கிட் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதை விவரமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது மனது அதில் நிற்கவில்லை. இதை மட்டும் செய்யுங்கள். செயலிக்கு வெளியே ஒரு ரூபாயும் போடாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. பெட்டி பிரிப்பதை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுங்கள். எஸ்எம்பிஎஸ் எதுவாக இருந்தாலும் பிளக்கில் சொருகும் முன் அந்தச் சிவப்பு ஸ்விட்ச் 230இல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், முதல் தடவை போடும்போது அதில் வேறு எதையும் மாட்டாதீர்கள், குழந்தைகளை அறைக்கு வெளியே நிறுத்துங்கள். 5 வோல்ட்டை மல்டிமீட்டரில் பார்த்த பிறகே போர்டுக்குக் கொடுங்கள். சரியில்லாத பொருளைப் பணம் கைக்கு வராமல் திருப்பி அனுப்பாதீர்கள். நான் ஆதாரத்தையே அவனிடம் அனுப்பிவிட்டேன்.

ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915க்கும், பண மோசடி என்றால் உடனே 1930க்கும் கூப்பிடுங்கள். இரண்டிலும் பதிந்துவிட்டேன். 2019ஆம் வருஷச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது. திங்கட்கிழமை போகிறேன். ஜிபே ரசீது இரண்டும், கூரியர் ரசீதும், மச்சான் கழற்றியபோது எடுத்த போட்டோவும் கையில் இருக்கின்றன.

இதை எழுதி முடிக்கிற நேரத்தில் அதே செயலியில் தேடினேன். வேறு பெயரில், வேறு ஊர் போட்டு, வீடியோ காலில் பார்த்த அதே கேபினெட் விற்பனைக்கு நிற்கிறது, இப்போது 36,000. நீல வர்ணம் அடித்த சுவர், வலது ஓரத்தில் வர்ணம் உரிந்த இடம், ஜாய்ஸ்டிக்கின் மேல் பச்சை உருண்டை ஒன்று, சிவப்பு ஒன்று. நான் திருப்பி அனுப்பிய மானிட்டர்தான் அதில், கீழ் ஓரத்தில் என் மகள் ஒட்டிய மஞ்சள் நட்சத்திர ஸ்டிக்கர் அப்படியே இருக்கிறது. அதைப் பார்த்தால் காசு போடாதீர்கள், எனக்கு உடனே ஒரு மெசேஜ் போடுங்கள்.