கடைக்கு ஸ்டாக் சாஃப்ட்வேர் வாங்கப் போகிறீர்களா? 34,500 ரூபாயை விட்டவள் சொல்கிறேன்

நேற்று ராத்திரி தூக்கமே இல்லை. கோபத்தில் டைப் செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். தெருக்காரர்களுக்குச் சில்லறை, கடலுக்குப் போகும் போட்டுகளுக்கு மொத்தமாக ரேஷன், அதாவது கடலில் இருக்கும் நாட்களுக்கான மளிகை. எந்தச் சரக்கு ஓடுகிறது, எது தூங்குகிறது என்று விற்பனையையும் இருப்பையும் பார்த்துச் சொல்லும் சாஃப்ட்வேர் என்று நம்பி 34,500 ரூபாய் கட்டினேன். பெயர் சொல்லவில்லை. கடைகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் விற்கும் ஒரு சின்ன கம்பெனி, அவ்வளவுதான். வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மார்ச்சில் வந்தான் அந்தக் கம்பெனியின் சேல்ஸ் பையன். "தண்டையார்பேட்டைதான் அக்கா, நம்ம ஏரியா" என்றான். லேப்டாப்பைத் திறக்கக்கூட இல்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, மேல் அலமாரியில் பின்வரிசையில் இருந்த சத்துமாவு டப்பாக்களை எடுத்துத் தூசி தட்டி, தேதியைக் காட்டினான். 11 டப்பா, அத்தனையும் காலாவதி. "உங்க பணம் இங்க தூங்குது பாருங்க அக்கா." எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அங்கேயே விழுந்துவிட்டேன்.

போன வருஷக் கணக்கு இருந்தால்தான் சீசன் புரியும் என்று என் மூன்று நீள நோட்டுகளையும் வாங்கிப் போனான். இரண்டே நாளில் திருப்பிக் கொடுத்து, "எல்லாம் ஏத்திட்டேன் அக்கா" என்றான். மூன்று நோட்டை இரண்டு நாளில் எப்படிடா ஏற்றினாய் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கே முழுப் பணத்தையும் ஜிபேயில் அனுப்பினேன். 34,500.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும், போட் ரேஷன் ஒரு பாக்கெட் நகராது. காசிமேட்டில் பிறந்த குழந்தைக்கும் இது தெரியும். மே கடைசியில் ரிப்போர்ட்டைத் திறந்தால் 15 கிலோ எண்ணெய் டின், டீத்தூள், பிஸ்கட் பெட்டி எல்லாம் சிவப்பில் 'நகராத சரக்கு'. போன் போட்டுக் கேட்டேன். "போன வருஷ ஜூனையும் பார்த்துட்டுதான் அக்கா சொல்லுது, பயப்படாம தள்ளி விடுங்க" என்றான். கொத்தவால் சாவடியில் தெரிந்த மொத்த வியாபாரியிடம் வந்த விலைக்குக் கொடுத்தேன். அதில் மட்டும் 11,200 நஷ்டம். தெரிந்தே ஏன் செய்தாய் என்று என் தம்பி கேட்கிறான். கலர் கலராய்ப் படம் போட்டுக் காட்டினால் புத்தி மழுங்கிப் போகிறது, வேறென்ன சொல்ல.

ஜூன் 13, 14 இரண்டு நாளும் கடைவாசலில் கூட்டம். ஒரு போட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் சரக்கு வேண்டும். என்னிடம் எண்ணெய் நாலே டின். "இன்னாம்மா இது, நைட்டு போட் எடுக்கணும், இப்ப வந்து இல்லன்றே" என்று திட்டிவிட்டு, ஒன்பது வருஷமாக என்னிடமே வாங்கும் போட் ஓனர் எதிர்க்கடைக்கு நடந்தார். அதுதான் இன்னும் எரிகிறது.

அன்று இரவு போன வருஷத் தேதியைப் போட்டுப் பார்த்தேன். வெற்றுப் பக்கம். நோட்டிலிருந்து ஒரு வரி ஏற்றவில்லை.

தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. பிஸ்கட் இருப்பு மைனஸ் 172! பத்துப் பெட்டி வாங்கியதை 10 என்று பதிந்திருக்கிறான். பெட்டிக்கு 24 என்ற கணக்கே இல்லை. விற்றது 182 பாக்கெட். அலமாரியில் 58 பாக்கெட் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. டீத்தூள் தீர்ந்து ஒரு வாரம் ஆனதும், அதற்கு டிமாண்ட் இல்லை, ஆர்டரைக் குறையுங்கள் என்கிறது. இல்லாத சரக்கை எவன் வாங்குவான்?

பையன் போனை எடுக்கவில்லை. கம்பெனிக்குப் போட்டால் "டிக்கெட் போட்டிருக்கோம் மேடம், 48 மணி நேரம்." டிக்கெட் என்றால் புகார் பதிவாம். மூன்று முறை 48 மணி நேரம் போனது. அப்புறம் "அவர் இப்ப எங்ககிட்ட இல்ல." அப்புறம் "பழைய டேட்டா ஏத்த தனி சார்ஜ்." மாடியிலிருக்கும் ஆபீசுக்கே ஏறிப் போனேன். தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, "கடைக்கு வாங்கினது மேடம், கன்ஸ்யூமர் கேஸ் நிக்காது" என்றார் மேனேஜர். பொய். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழிலுக்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்துவிட்டேன்.

சரி, விவரமாக எழுதுகிறேன் என்றேன், தெம்பில்லை. முழுப் பணத்தை ஒரே நாளில் கொடுக்காதீர்கள். உங்கள் போன வருஷக் கணக்கை உங்கள் கண் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு பெட்டியை வரவு வைத்து மூன்று பாக்கெட் பில் போடுங்கள். 21 என்று காட்டாவிட்டால் அனுப்பிவிடுங்கள். சரக்கு தீர்ந்திருந்த நாளையும் விற்காத நாளாக எண்ணுகிறதா என்று கேளுங்கள். டேட்டாவை எக்செல்லில் எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். எனக்கு அதற்கும் தனி சார்ஜாம். 34,500 போதாதா?

அரிசி லோடு வந்து நிற்கிறது. நோட்டில் எழுதிக்கொள்ளப் போகிறேன்.