குச்சியா, வாளியா, நிற்கும் இடமா?

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மாடும் நகரும்தான், எந்தப் பக்கம் என்பதுதான் சிக்கல். மாட்டை நகர்த்த மூன்று வழி உண்டு: குச்சியால் விரட்டுவது, தீவன வாளியைக் காட்டி அழைப்பது, நாம் நிற்கும் இடத்தாலேயே நடத்துவது.

குச்சி, கூச்சல், மின்கோல் (மின்னதிர்ச்சி தரும் தடி) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் நாள் வேலை வேகமாக முடியும். ஆனால் மிரண்ட மாட்டின் இதயத்துடிப்பு அடங்க 20 முதல் 30 நிமிடம் ஆகும். கறவை மாடாக இருந்தால் பாலும் சரியாக இறங்காது. மறுநாள் அதே வாசலைக் கண்டதும் முரண்டு பிடிக்கும். மிச்சம் பிடித்த ஐந்து நிமிடம் அங்கேயே போய்விடும்.

ஆக, உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான்.

தீவன வாளியோடு முன்னே நடப்பது எளிது. ஆடுகளுக்கு இன்னும் எளிது, ஒன்று கிளம்பினால் மீதியும் பின்னால் வரும். ஆனால் வயிறு நிறைந்த மாடு வாளியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. பசித்த கூட்டமோ முட்டித் தள்ளிக்கொண்டு வரும். குறுகிய வாசலில் வாளியோடு நின்றால் மிதிபட வேண்டியதுதான். அப்புறம், வெறும் வாளியைக் காட்டி ஏமாற்றக் கூடாது.

மூன்றாவது, நாம் நிற்கும் இடத்தாலேயே நகர்த்துவது. எவ்வளவு அருகில் ஆள் வரலாம் என்று ஒவ்வொரு மாட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அதன் விளிம்பில் கால் வைத்தால் நடக்கும். உள்ளே பாய்ந்தால் ஓடும், அல்லது திரும்பி நம்மையே தாண்டிப் போகும். தோள்பட்டைக்குப் பின்பக்கமாக நின்றால் முன்னே போகும், முன்பக்கமாக நின்றால் பின்வாங்கும். வாலுக்கு நேர் பின்னால் மட்டும் நிற்காதீர்கள், அங்கே அதற்குக் கண் தெரியாது. அது நகர்ந்த உடனே நாம் ஓரடி விலக வேண்டும். நடந்தால் விட்டுவிடுவார்கள் என்று மாடு கற்றுக்கொள்வது அந்த ஓரடியில்தான். பலரும் தவறவிடுவதும் அதையேதான்.

அமெரிக்கக் கால்நடை அறிவியலாளர் டெம்பிள் கிராண்டின் வலியுறுத்தும் இன்னொன்று: மாடு நின்றுவிட்டால் வழியைப் பாருங்கள். தொங்கும் சங்கிலி, தரையில் விழும் நிழல், தேங்கிய நீரில் மின்னும் வெளிச்சம் என்று ஏதாவது இருக்கும். அதை அகற்றினால் போதும், குச்சிக்கு வேலையே இருக்காது.

மேய்ச்சலுக்கும் கொட்டிலுக்கும் தினசரி நடைக்கு வாளி. ஊசி போடவும் வண்டியில் ஏற்றவும் மூன்றாவது வழி. இதுதான் என் கட்சி. ஒரு விதிவிலக்கு உண்டு. புட்டிப்பால் குடித்து வளர்ந்த கன்றுக்கு அந்த எல்லையே கிடையாது. பக்கத்தில் போனால் நகராது, கையை நக்கும். சரி, அதற்கு எங்கேயும் வாளிதான்.