ரீப்பர் ட்ரோன் மாடல்: கட்டி முடித்துச் சில ஆண்டுகள் ஆன பிறகு

காக்பிட் இல்லாத விமானத்தைக் கட்டுவது சுலபம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இருக்கை கிடையாது, மீட்டர் பலகை கிடையாது, கண்ணாடிக் கூண்டு கிடையாது, பாகங்களும் குறைவு. எம்.கியூ-9 ரீப்பர் ட்ரோனின் 1/48 அளவு (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) கிட்டை, அதாவது ஒட்டிச் சேர்க்க வேண்டிய பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பைக் கட்டி, அதைச் சில ஆண்டுகளாக அலமாரியில் வைத்துப் பராமரித்தும் வரும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போர் விமான மாடலைப் பார்ப்பவர் முதலில் காக்பிட்டைத்தான் எட்டிப் பார்ப்பார். அங்கே வேலைப்பாடு நன்றாக இருந்தால் இறக்கையில் இருக்கும் சிறு குறையை அவர் கவனிக்கவே மாட்டார். ரீப்பரில் கண் நேராக உடலின் மேற்பரப்புக்குப் போகிறது; அடுத்து அது நிற்கும் தோரணைக்குப் போகிறது. இந்த இரண்டும் சரியாக அமைந்தால் மாடல் உயிரோடு இருக்கும். மற்ற எதுவும் இவற்றுக்கு ஈடாகாது.

நிஜ விமானத்தின் அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். அலமாரியில் இடம் ஒதுக்க உதவும். ஜெனரல் அட்டாமிக்ஸ் நிறுவனத்தின் ரீப்பர் 11 மீட்டர் நீளம், இறக்கை முனையிலிருந்து முனைவரை சுமார் 20 மீட்டர். 1/48 அளவில் இது 23 சென்டிமீட்டர் உடலும் 42 சென்டிமீட்டர் இறக்கையும் ஆகிறது. உடல் ஒரு கைக்குள் அடங்கிவிடும், இறக்கை அலமாரியின் ஒரு தட்டையே எடுத்துக்கொள்ளும். இடமில்லாதவர்கள் 1/72 அளவுக்குப் போகலாம். அதில் இறக்கை 28 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த அளவில் சக்கரக் கால்கள் ஊசிபோல ஆகிவிடுவதால் நான் பெரியதையே பரிந்துரைப்பேன்.

பாதி கட்டிய நிலையில் மேசையில் இருந்ததைப் பார்த்துவிட்டு என் அக்கா மகன் கேட்டான்: "மாமா, பைலட் எங்கே உட்காருவார்?" மூக்கில் புடைத்திருக்கும் பகுதிதான் காக்பிட் என்று அவன் நினைத்திருந்தான். உண்மையில் அந்தப் புடைப்புக்குள் இருப்பது செயற்கைக்கோளைப் பார்த்துத் திரும்பும் டிஷ் ஆண்டெனா. பைலட்டும் சென்சார் இயக்குநரும் தரையில், சில நேரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரீச் விமானப்படைத் தளம் போன்ற இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். செயற்கைக்கோள் வழியாகப் போய்வரும் சமிக்ஞை சற்றுத் தாமதமாகும் என்பதால், ஓடுதளத்தில் ஏற்றி இறக்குவதை மட்டும் அருகிலேயே இருக்கும் வேறொரு குழு பார்த்துக்கொள்ளும். இதையெல்லாம் சொன்ன பிறகு அவன் அந்த மூக்கை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

மாடல் கட்டுபவருக்கும் அந்த மூக்குதான் முக்கியம். ரீப்பரின் ஹனிவெல் டிபிஇ331 டர்போபிராப் என்ஜின் பின்னால் இருக்கிறது. மூன்று இலைப் புரொப்பெல்லர் வாலின் கடைசியில் சுழன்று விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. மேல்நோக்கி விரியும் வி-வடிவ வால், கீழே ஒரு துடுப்பு என மொத்த எடையும் பின்பக்கம். மூக்கில் எடை வைக்காவிட்டால் மாடல் மூக்கைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடும். உடலின் இரு பாதிகளையும் ஒட்டிய பிறகு இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

என்ன எடை வைப்பது என்பதில்தான் நீண்டகால விஷயம் ஒன்று அடங்கியிருக்கிறது. மீன்பிடித் தூண்டிலுக்குப் பயன்படுத்தும் ஈயக் குண்டுகளைப் போட்டு, மேலே வெள்ளைப் பசையை ஊற்றி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். வெள்ளைப் பசையிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை மெல்ல அரிக்கிறது. ஈயம் வெள்ளைப் பொடியாக மாறிப் பருமன் கூடுகிறது. மூடிய கூட்டுக்குள் அது உப்பி, சில ஆண்டுகளில் ஒட்டுவாயையே பிளந்துவிடும். கட்டி முடித்த அன்று எந்த அறிகுறியும் தெரியாது என்பதால், பெட்டியைத் திறந்து பார்த்து எழுதும் விமர்சனங்களில் இது வருவதே இல்லை. நான் பயன்படுத்தியது சைக்கிள் கடையில் கிடைக்கும் பால்ரஸ் குண்டுகள். எஃகு ஈயத்தைவிட எடை குறைவு, அதனால் இடம் கூடுதலாக வேண்டும். டிஷ் இருக்க வேண்டிய புடைப்பு முழுவதும் காலியாக இருப்பதால் அதற்குக் குறைவில்லை. குண்டுகளை அரால்டைட் என்ற எபாக்ஸி பசையில் குழைத்து வைத்தேன். இன்றுவரை அசையவில்லை, உப்பவில்லை, குலுக்கினால் சத்தமும் இல்லை.

எவ்வளவு எடை என்று கையேடு சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். உடலின் பாதிகளை டேப்பால் சேர்த்து, வால், இறக்கை, புரொப்பெல்லர் எல்லாவற்றையும் தற்காலிகமாகப் பொருத்தி, பின் சக்கரங்கள் வரும் இடத்தில் ஒரு பென்சிலைக் குறுக்கே வைத்து அதன் மேல் நிறுத்துங்கள். குண்டுகளைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டு மூக்கின் மேல் வைத்து, எப்போது முன்னால் சாய்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் இரண்டு மூன்று குண்டுகள் சேர்த்தால் போதும். எடையை எவ்வளவு முன்னால் வைக்கிறோமோ அவ்வளவு குறைவாகவே தேவைப்படும். குறைவாக இருப்பதுதான் நல்லது, காரணம் கால்கள்.

கால்கள் இந்தக் கிட்டின் பெரிய பலவீனம். நிஜ ரீப்பரின் கால்கள் ஒல்லியானவை; மாடலிலும் அப்படியே ஒல்லியாக, ஆனால் மென்மையான பிளாஸ்டிக்கில் வார்த்திருக்கிறார்கள். முதல் கோடைவரை ஒழுங்காக நின்றது. பிறகு முன்கால் மெல்ல ஒரு பக்கமாக வளையத் தொடங்கியது. ஒரு நாளில் தெரியாது. பழைய புகைப்படத்தோடு ஒப்பிட்டபோதுதான் மூக்கு தாழ்ந்திருப்பது தெரிந்தது. காலைக் கழற்றி, அச்சுவாக்கில் மெல்லிய துளை போட்டு, உள்ளே பித்தளைக் கம்பியைச் செருகி ஒட்டினேன். அதன் பிறகு இரண்டு கோடைகளைத் தாண்டியும் நேராக நிற்கிறது. இந்தக் கிட்டை இப்போது வாங்குபவர்கள் கட்டும்போதே மூன்று கால்களுக்கும் கம்பி கொடுத்துவிடுங்கள். ஓர் ஆறுதல், டயர்களையும் பிளாஸ்டிக்கிலேயே கொடுத்திருக்கிறார்கள். மென்மையான வினைல் டயர் வரும் கிட்களில் அந்த வினைலே பிளாஸ்டிக் சக்கரத்தை உருக்கிவிடுவது உண்டு.

இனி மேற்பரப்பு. அலுமினியத் தகடுகளை ரிவெட் அடித்துச் சேர்த்த பழைய விமானங்களில் கோடுகளும் புள்ளிகளும் உடலெங்கும் இருக்கும். மூட்டில் ஒரு பிசிறு இருந்தாலும் அவற்றோடு கலந்துவிடும். ரீப்பரின் உடல் பெரும்பாலும் கூட்டிழைப் பொருளால் (காம்போசிட்) ஆனது, வழவழப்பானது. அதற்கு மேல் ஒரே சாம்பல் நிறம். உருமறைப்புத் திட்டுகள் இல்லை. ஆகவே உடலின் இரு பாதிகளும் சேரும் கோடு முழுக்க முழுக்கக் காணாமல் போக வேண்டும். என் கிட்டில் மூக்குப் புடைப்பின் மேல் அந்தக் கோடு நன்றாகவே பள்ளமாக இருந்தது. பள்ளத்தை நிரப்பும் திரவப் பட்டியை (புட்டி) தடவிக் காயவிட்டு, 400-ஆம் எண் உப்புத்தாளில் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பிறகு 800, 1000 என்று போனேன். கண் ஏமாற்றும்; விரல் நகம் ஏமாற்றாது. கோட்டுக்குக் குறுக்கே நகத்தை மெல்ல இழுத்தால் தட்டுகிறதா இல்லையா என்று உடனே தெரிந்துவிடும். தட்டாத நிலை வந்ததும் பளபளப்பான கறுப்பை மெல்லிசாக அடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்தின் கோடு எங்கே நெளிகிறதோ அங்கே இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள். மொத்த நேரத்தில் பெரும்பகுதி எனக்கு இதிலேயே போனது. அலுப்பான வேலை என்று சொல்ல மாட்டேன். ஒரு வளைவு கைக்கடியில் மெல்ல உருவாகி வருவதை உணர்வது இந்தப் பொழுதுபோக்கின் உச்ச இன்பங்களில் ஒன்று.

இறக்கையும் வாலும் ஒட்டும்போது கோணம்தான் எல்லாம். அட்டையில் கோணம் வெட்டி வைத்துக்கொண்டு, வி-வாலின் இரு பக்கமும் அந்த அட்டையில் சாய்ந்திருக்கும்படி காயவிட்டேன். முன்னாலிருந்து பார்க்கும்போது வாலின் ஒரு பக்கம் சற்றுத் தாழ்ந்தாலும் மொத்தமும் கோணலாகத் தெரியும். இறக்கைக்குக் கிட்டில் கொடுத்திருக்கும் சிறு நாக்கு போதாது. அவ்வளவு நீளத்தை அது தாங்காது. உடலுக்குக் குறுக்கே ஒரே பித்தளைக் கம்பியை விட்டு இரு இறக்கைகளையும் அதில் செருகினேன். கால் வளைந்த அதே கோடைகளில் இறக்கை துளிகூடத் தொங்கவில்லை.

வண்ணம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே சாம்பலை அப்படியே அடித்தால் பொம்மை போலத் தெரியும். அதே சாம்பலில் சிறிது வெள்ளை கலந்து இறக்கையின் நடுப்பகுதிகளில் மிக மெல்லிசாக அடித்தால் ஆழம் வரும். அழுக்கு, துரு, எண்ணெய் வழிசல் என்று அள்ளிப் பூசுவதை நான் ஏற்க மாட்டேன். 24 மணி நேரத்துக்கும் மேல் உயரத்தில் பறக்கக்கூடிய இந்த விமானத்தின் படங்களைப் பார்த்தால் அது சுத்தமாகத்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் லாக்கர் வகைப் பெயிண்ட்டை அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் வெளுத்துப்போகும். டெக்கால்கள் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அடையாளச் சின்னங்கள்) குறைவு, பளபளப்பு வார்னிஷின் மேல் ஒட்டினால் அவற்றின் அடியில் காற்று சிக்கி வெள்ளியாகத் தெரியாது.

மூக்குக்கு அடியில் தொங்கும் கேமரா உருண்டையில் அகச்சிவப்புக் கேமரா, பகல் கேமரா, லேசர் எல்லாம் இருக்கும். காக்பிட் இல்லாத இந்த மாடலில் கண் என்று சொல்ல இது ஒன்றுதான். அதன் கண்ணாடிகளைச் சூப்பர் குளூவால் ஒட்டவே கூடாது. அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். காய்ந்தால் தெளிவாகும் பசையை ஊசிமுனையால் தொட்டு வைத்தால் போதும். உள்ளே அடர் நீலமும் ஊதாவும் கலந்து ஒரு சொட்டு வைத்தேன். வெளிச்சம் திரும்பும்போது அது மின்னுவது இப்போதும் எனக்குப் பிடித்திருக்கிறது.

கிட்டில் பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டகம் ஒன்று முழுக்க ஆயுதங்கள்: ஹெல்ஃபயர் ஏவுகணைகள், லேசர் வழிகாட்டும் குண்டுகள். வேலைப்பாடு அருமை. ஹெல்ஃபயர்களைக் கட்டி, வண்ணமும் அடித்தேன்; மாட்டவில்லை. 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் ரீப்பர் ஏவிய ஹெல்ஃபயர் 10 பேரைக் கொன்றது. அவர்களில் 7 பேர் குழந்தைகள். சில வாரங்களுக்குள் அமெரிக்க ராணுவமே அது தவறான தாக்குதல் என்று ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தியைப் படித்தவன் நான். வீட்டில் ஒரு சிறுவன் வந்து பார்க்கும் அலமாரியில் அந்த ஏவுகணையை அழகுப்பொருளாகத் தொங்கவிட எனக்கு மனம் வரவில்லை. மற்றவர்கள் மாட்டுவதைக் குறை சொல்லவில்லை. ஆயுதமில்லாமல் கட்ட விரும்புவோருக்கு நல்ல வழி ஒன்று உண்டு: நாசா இதே குடும்பத்து விமானம் ஒன்றை 'இகானா' என்ற பெயரில் வாங்கி, 2007-இல் கலிபோர்னியாவின் காட்டுத்தீக்களைப் படமெடுக்கப் பயன்படுத்தியது. வெள்ளை நிறம்; அலமாரியில் தனித்துத் தெரியும். வெள்ளையில் மூட்டுக் கோடு இன்னும் இரக்கமில்லாமல் காட்டிக்கொடுக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வார்னிஷ் மஞ்சளாவதும் அதில் முதலில் தெரியும்.

ஆண்டுகள் போன பிறகு என்ன மிஞ்சியது? சூப்பர் குளூவால் ஒட்டிய சிறு ஆண்டெனாக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அந்தப் பசை காலப்போக்கில் மொறுமொறுப்பாகிவிடுகிறது. அவற்றை ஊசித்துண்டுகளால் மாற்றிச் சிறு துளையில் செருகினேன். பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் திரவப் பசையால் சேர்த்த மூட்டு ஒன்றுகூட விடவில்லை. மேற்பூச்சாகப் பளபளப்பே இல்லாத முழு மேட் அடிக்காமல் அரைப் பளபளப்பு வார்னிஷ் அடித்தது நல்ல முடிவு. தூசியை மென்மையான மேக்கப் பிரஷால் தட்டினாலே போய்விடுகிறது; அதே தட்டில் இருக்கும் மேட் பூச்சு மாடல்களில் தூசி அப்பிக்கொள்கிறது. வெயில் நேராக விழும் ஜன்னலோரம் மட்டும் வைக்க வேண்டாம்.

இந்தியக் கடற்படையின் ட்ரோனாக இதைக் கட்டலாமா என்று கேட்கிறார்கள். கிட்டில் இருப்பதை வைத்து நேரடியாக முடியாது. 2020 நவம்பரில் குத்தகைக்கு வந்து அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து பறந்தவை எம்.கியூ-9பி சீ கார்டியன் வகை. அவற்றில் ஒன்று 2024 செப்டம்பரில் தொழில்நுட்பக் கோளாறால் சென்னைக்கு அப்பால் வங்கக் கடலில் இறக்கப்பட்டது. அடுத்த மாதமே 31 ட்ரோன்களுக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. பி வகையின் இறக்கை 24 மீட்டர், முனையில் மேல்நோக்கிய சிறகுகள் வேறு. 1/48-இல் அது அரை மீட்டர் நீளம். என் கையில் இருக்கும் இரண்டாவது கிட்டின் இறக்கையைப் பிளாஸ்டிக் தகட்டால் நீட்டி அதைக் கட்டத் தொடங்கியிருக்கிறேன். நடுக்கம்பி ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது; இம்முறை கால்களுக்கும் சேர்த்தே.