ஹம் சத்தத்துக்கு போர்டை மாற்றச் சொன்னால் உடனே சரி சொல்லாதீர்கள்

ஸ்பீக்கரில் விடாமல் ஓர் உறுமல். சர்வீஸுக்குக் கொடுத்த ஆம்ப்ளிஃபயருக்கு, ஒரு வயரைக்கூட மாட்டிப் பார்க்காமல் வந்த பதில்: "போர்டு போயிடுச்சு, மாத்தணும்." போர்டு மாறியது, பணமும் போனது. வீட்டில் வயர்களைப் பழையபடி மாட்டியதும் அதே உறுமல். திரும்பக் கேட்டால், "உங்க வீட்டு கரண்ட் சரியில்லை, பவர் கண்டிஷனர் போடுங்க." ஆம்ப்ளிஃபயரில் பழுதே இல்லை. கோளாறு, டிவி பாக்ஸுக்கு வரும் கேபிள் வயரில் இருந்தது.

பத்து நிமிடச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஆம்ப்ளிஃபயரை ஆஃப் செய்து, ஸ்பீக்கர் வயரையும் பவர் வயரையும் தவிர பின்னால் இருக்கும் எல்லா வயரையும் கழற்றுங்கள். பிறகு ஆன் செய்து வால்யூமைப் பாதி வரை ஏற்றுங்கள். உறுமல் இல்லையென்றால் பெட்டி நல்ல பெட்டி. இப்போது ஒவ்வொரு வயராக மாட்டுங்கள், ஒவ்வொரு முறையும் வால்யூமை இறக்கி, ஆஃப் செய்துவிட்டு. எதை மாட்டும்போது சத்தம் வருகிறதோ, குற்றவாளி அந்தப் பக்கம்.

பெரும்பாலும் அது எர்த் லூப். ஆம்ப்ளிஃபயருக்கு ப்ளக் வழியாக ஓர் எர்த், கேபிள் வயரின் மேல்வலை வழியாக இன்னோர் எர்த். இரண்டுக்கும் இடையே உள்ள சிறு வோல்டேஜ் வித்தியாசத்தால் பாக்ஸிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு ஆடியோ கொண்டுவரும் ஆர்சிஏ வயரின் ஷீல்டில் (வெளி உலோக வலையில்) கரண்ட் ஓடுகிறது. மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அப்படியே ஸ்பீக்கரில் கேட்கிறது. பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிள் வயரைக் கழற்றிப் பாருங்கள். திருகு விட்டு வயர் கையோடு வந்த நொடியில் உறுமல் நின்றால் வேறு சாட்சி வேண்டாம். லேப்டாப் இணைத்திருந்தால் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓடவிட்டுப் பாருங்கள். ரெக்கார்ட் பிளேயர் என்றால் அதன் மெல்லிய எர்த் வயர், ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகில் இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

தீர்வு எளிது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். சில நேரம் அதுவே போதும். டிவியில் ஆப்டிகல் அவுட் (ஆடியோவை ஒளியாக அனுப்பும் இணைப்பு) இருந்தால் அதுதான் சிறந்த வழி, ஒளி வழியே எர்த் கடக்காது. கேபிள் டிவிக்கு வயரின் நடுவே ஐசோலேட்டர் (சிக்னலை விட்டு எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சிறு கருவி) போடலாம். டிஷ் வயரில் மட்டும் போடாதீர்கள். மேலே டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு அந்த வயரில்தான் டிசி போகிறது, அது தடைபட்டு படமே வராது. ஆர்சிஏ ஐசோலேட்டரும் உண்டு, ஆனால் மலிவானவற்றில் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருப்பதால் பேஸ் குறையும்.

எர்த் பின்னை வெட்டி விடச் சொல்லும் ஆளை அன்றோடு விட்டுவிடுங்கள். உறுமல் நிற்கத்தான் செய்யும். நாளை உள்ளே ஃபேஸ் வயர் பாடியைத் தொட்டால், ஃப்யூஸ் போகாமல் அந்த இரும்புப் பெட்டி முழுக்க ஷாக் நிற்கும். தொடுவது குழந்தையாகவும் இருக்கலாம்.

அந்தச் சோதனையில் மற்ற வயர்களைக் கழற்றிய பிறகும் சத்தம் வந்தால், அப்போதுதான் பெட்டிக்குள் கோளாறு. வால்யூமை ஏற்றி இறக்கினாலும் சத்தம் மாறவில்லையென்றால் முதல் சந்தேகம் பவர் சப்ளையின் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் மேல். அவை வலுவிழந்தால் 100 அல்லது 120 ஹெர்ட்ஸ் இரைச்சல் வரும். தலை உப்பாமலும் அவை கெடும். மாற்றும்போது மைக்ரோஃபாரட் அதே அளவு, வோல்டேஜ் அதற்குக் குறையாமல், 105 டிகிரி வெப்பம் வரை தாங்கும் வகை. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அவற்றில் சார்ஜ் தங்கியிருக்கும் என்பதால் பழக்கமில்லாதவர்கள் மூடியைத் திறக்கக் கூடாது.

சத்தம் ஸ்பீக்கரில் இல்லாமல் பெட்டியிலிருந்தே வந்தால் அது டிரான்ஸ்ஃபார்மரின் அதிர்வு. அதற்கும் போர்டுக்கும் சம்பந்தமில்லை.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, ஸ்பீக்கரைத் தவிர வேறு எதையும் இணைக்காமல் உங்கள் முன்னாலேயே ஆன் செய்து சத்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர்கள் மேசையில் சத்தம் வரவில்லையென்றால் பெட்டியை அப்படியே திரும்ப எடுத்து வாருங்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், எந்தப் பாகம் என்று பில்லில் எழுதச் சொல்லி, கழற்றிய பழைய பாகத்தையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.