டிசி கிளாம்ப் மீட்டர்: பழைய ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு அனுபவ விமர்சனம்

பேட்டரி மாற்றியாச்சு, எஞ்சின் ஓடும்போது அதைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் மாற்றியாச்சு, இன்னும் காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துத்தான் சுற்றுகிறது என்ற நிலையில் இருக்கிறீர்களா? அடுத்த உதிரிபாகத்தை வாங்கும் முன், வயரைக் கவ்வி அதில் ஓடும் கரண்ட்டை அளக்கும் டிசி கிளாம்ப் மீட்டர் ஒன்று வாங்குங்கள். ஒரு வருடமாக இதை வைத்திருக்கிறேன். எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று இரண்டையும் எழுதுகிறேன். பிராண்ட் பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே வேலையைச் செய்யும் நடுத்தர ரக மீட்டர்கள் நிறைய இருக்கின்றன. என்னென்ன வசதி இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முதலில் என் வண்டியின் கதை. முப்பது வயதைத் தாண்டிய டீசல் வண்டி, சேறும் தண்ணீரும் நிறையப் பார்த்தது. பகலில் ஓட்டினால் ஒரு பிரச்சினையும் இல்லை. ராத்திரியில் ஹெட்லைட், முன்னால் கூடுதலாகப் போட்ட லைட், வைப்பர் என்று எல்லாம் ஓடவிட்டு வந்து நிறுத்தினால் மறுநாள் செல்ஃப் பலவீனம். டேஷ்போர்டில் சார்ஜ் லைட் ஒழுங்காக எரிகிறது, ஸ்டார்ட் ஆனதும் ஒழுங்காக அணைகிறது. மெக்கானிக் பேட்டரி போய்விட்டது என்றார், மாற்றினேன். அப்புறம் ஆல்டர்னேட்டர் என்றார், அதையும் மாற்றினேன். மூன்று வாரம் கழித்து அதே கோளாறு திரும்பியதும், புதிதாகப் போட்ட ஆல்டர்னேட்டரே சரியில்லை என்று இன்னொன்றைப் போட்டார். கை வேலை நன்றாகத் தெரிந்தவர்தான். ஆனால் மூன்று முறையும் எதையும் அளந்து பார்க்கவில்லை. வண்டியிலிருந்து கழற்றிய முதல் ஆல்டர்னேட்டரைச் சோதனை மேடையில் வைத்துப் பார்த்தபோது அது முழு கரண்ட் கொடுத்தது. அன்றுதான் இந்த மீட்டரை ஆர்டர் செய்தேன்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கிளாம்ப் மீட்டர் என்று விற்கும் பல கருவிகள் ஏசி கரண்ட்டை மட்டும்தான் அளக்கும். வீட்டு வயரிங்குக்கு அது போதும், வண்டியில் ஓடுவது டிசி, அதற்கு உதவாது. பெட்டியில் டிசி வோல்ட் என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது, அது வயர் குத்தி அளக்கும் வோல்டேஜ் மட்டும். டிசி ஆம்பியர் அளக்கும் என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். அந்த வகையின் தாடைக்குள் ஹால் சென்சார் இருக்கும், வயரைச் சுற்றி உண்டாகும் காந்தப் புலத்தைப் படித்து எத்தனை ஆம்பியர் ஓடுகிறது என்று காட்டும். வயரை வெட்ட வேண்டாம், கழற்ற வேண்டாம், சும்மா கவ்வினால் போதும். முப்பது வருடமாகத் துருப்பிடித்த நட்டைத் திறக்காமலே கரண்ட் அளக்க முடிகிறது என்பதே பழைய வண்டிக்காரருக்குப் பெரிய விஷயம்.

இனி சோதனை. வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் அது முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் கிட்டத்தட்ட பாதி. இப்போதுதான் ஓட்டி நிறுத்திய வண்டியில் பார்த்தால் கூடுதலாகக் காட்டும், அதை நம்பாதீர்கள், ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டு அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துப் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 முதல் 14.4 வரை வர வேண்டும். இதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான், என் மெக்கானிக்கிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார். சிக்கல் என்னவென்றால், லைட் எதுவும் போடாமல் பார்த்தால் என் வண்டியிலும் 14.1 வந்தது. பாஸ் மார்க்.

சுமை கொடுத்துப் பார்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. கூடுதல் லைட்டைத் தவிர மற்ற லைட் எல்லாவற்றையும், வைப்பரையும், உள்ளே காற்றடிக்கும் ப்ளோயரையும் போட்டுவிட்டு எஞ்சினை ஐடிலுக்கு மேலே கொஞ்சம் ரேஸில் பிடித்து வைக்கச் சொன்னேன். ஆல்டர்னேட்டரிலிருந்து கரண்ட் வெளியே வரும் பி பிளஸ் முனையில் 14.3 வோல்ட். பேட்டரி முனையில் 13.2. ஒரே வயரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 1.1 வோல்ட் காணாமல் போகிறது! அந்த வயரைக் கவ்வினேன், 22 ஆம்பியர். பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கவ்வினேன், பேட்டரிக்குள் போவது வெறும் 2 ஆம்பியர். மீதி எல்லாம் லைட்டுக்கும் ப்ளோயருக்கும் போய்விடுகிறது. கூடுதல் லைட்டையும் போட்டதும் அந்த 2 மறைந்து, மீட்டரில் மைனஸ் 6 வந்தது. அதாவது எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி காலியாகிக்கொண்டிருக்கிறது. ராத்திரி ஓட்டினால் மட்டும் ஏன் பிரச்சினை என்ற கேள்விக்கு அந்த ஒற்றை மைனஸ் குறியிலேயே பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது ஆல்டர்னேட்டரும் என்ன செய்திருக்க முடியும்? அதன் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் தன் முனையில் இருக்கும் 14.3ஐத்தான் பார்க்கிறது. வயரின் மறுமுனையில் பேட்டரி பட்டினி கிடப்பது அதற்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரில் வைத்துக்கொண்டு, கறுப்பு முனையை வயர் போகும் வழியில் ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனேன். 0.05, 0.1, பேட்டரித் தட்டுக்கு அடியில் வந்ததும் திடீரென்று 1 வோல்ட். அங்கே யாரோ எப்போதோ வயரை வெட்டி, முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைத் தொட்டால் சூடு. எஞ்சினை நிறுத்தி, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு டேப்பைப் பிரித்தேன். உள்ளே ஒட்டுப்பசை உருகிக் கறுப்பாக வழிந்திருக்கிறது, அதற்குக் கீழே செம்பு இழைகள் மேல் பச்சைப் பொடி. விரலால் தேய்த்ததும் பாதி இழைகள் உதிர்ந்து கையோடு வந்துவிட்டன. சேற்றுத் தண்ணீர் டேப்புக்குள் புகுந்தால் வெளியே போக வழியில்லை, உள்ளேயே இருந்து செம்பை அரித்துவிடும். அந்த ஒரு அங்குல இடத்தில் 0.9 வோல்ட் விழுந்தது, 22 ஆம்பியரோடு பெருக்கினால் 20 வாட் வெப்பம். ஒரு சின்ன சால்டரிங் அயர்னைப் பேட்டரிக்கு அடியில் வைத்து ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். தீப்பிடிக்காமல் போனது அதிர்ஷ்டம்தான்.

இதைவிட என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. சரி செய்யும் முன் அந்த வயரை இரண்டு முனையிலும் கழற்றி, வயர் அறுந்திருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண மல்டிமீட்டரின் பீப் சோதனையிலும் வைத்துப் பார்த்தேன். பீப் என்று தெளிவாகச் சத்தம் வந்தது! அந்த ஜாயின்ட்டின் தடை சுமார் 0.04 ஓம், பீப் சோதனைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அது பீப் அடிக்கும். சார்ஜிங் வயரை ஓம் அளந்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு முனைக்கும் நடுவே எத்தனை வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். பாசிட்டிவ் பக்கம் 0.3, எர்த் (நெகட்டிவ்) பக்கம் 0.2, இதைத் தாண்டினால் தேட ஆரம்பிக்க வேண்டியதுதான்.

புது வயரை, தேவையைவிட ஒரு அளவு தடிமனாக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல், பழையதில் இருந்தது போலவே ஃபியூஸோடு போட்டேன். அதே சோதனையில் பேட்டரி முனையில் 14.1, ஆல்டர்னேட்டர் வயரில் 29 ஆம்பியர், அதில் 9 பேட்டரிக்குள் போகிறது. எஞ்சின் ஓட ஓட அந்த 9 மெல்லக் குறைந்து 2க்கு வந்தது, பேட்டரி நிறையும்போது அப்படித்தான் குறைய வேண்டும். அந்த எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் நின்றேன்.

உங்கள் வண்டியில் கோளாறு வேறு இடத்தில் இருக்கலாம். எர்த் பக்கத்தை விட்டுவிடாதீர்கள். ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் நடுவே அளந்தால் பெயின்ட் அடித்த பிராக்கெட், துருப்பிடித்த எர்த் பட்டை எல்லாம் மாட்டிக்கொள்ளும். டேஷ்போர்டில் அம்மீட்டர் உள்ள பழைய வண்டிகளில் மொத்த கரண்ட்டும் அதன் பின்னால் உள்ள இரண்டு நட்டுகள் வழியாகப் போகும், அவை தளர்ந்தால் அங்கேயும் இதே கதைதான். சாவி போட்டதும் சார்ஜ் லைட் எரியவே இல்லை என்றால் பல்பைப் பாருங்கள். நிறைய ஆல்டர்னேட்டர்களில் அந்தப் பல்பு வழியாகத்தான் உள்ளே சுற்றும் ரோட்டருக்கு முதல் கரண்ட் போகும். பல்பு போனால் ஆல்டர்னேட்டர் விழிக்காது. சேற்றில் ஓடும் வண்டிகளில் கார்பன் பிரஷ்ஷும் சீக்கிரம் தேயும், பெல்ட்டும் நனைந்தால் வழுக்கும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றி மனம் பொறுக்காமல் சொல்கிறேன். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனையைக் கழற்றிப் பார்த்து, வண்டி நிற்கவில்லையா, அப்போ ஆல்டர்னேட்டர் நல்லது என்பார்கள். ஆல்டர்னேட்டருக்கு முன் இருந்த டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் எகிறி, ஏசியை டிசியாக மாற்றும் டயோடுகளையும் ரெகுலேட்டரையும் அடித்துவிடலாம். டீசல் வண்டியாக இருந்தால் எஞ்சின் எப்படியும் ஓடும், அதனால் அந்தச் சோதனை எதையும் நிரூபிப்பதும் இல்லை. தயவுசெய்து செய்யவிடாதீர்கள்.

டயோடைச் சந்தேகித்தால் மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி, எஞ்சின் ஓட, சுமையோடு பேட்டரி முனையில் அளக்கலாம். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் டயோடு போயிருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினை நிறுத்திவிட்டு பி பிளஸ் வயரைக் கவ்வினாலும் தெரியும். அங்கே சுழியம்தான் வர வேண்டும். அரை ஆம்பியர் ஓடினாலும் பத்து மணி நேரத்தில் 5 ஆம்பியர் மணி போய்விடும்.

இப்போது குறைகள். சின்ன கரண்ட்டுக்கு இந்த மீட்டரை நம்ப முடியாது. நிறுத்தி வைத்த வண்டியில் 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே கசிவது இயல்பு, அந்த அளவில் இது காட்டும் எண் தள்ளாடுகிறது. தாடையைத் திருப்பிப் பிடித்தாலே பூமியின் காந்தப் புலம் எண்ணை மாற்றிவிடுகிறது. அளக்கப் போகும் இடத்தில், அதே கோணத்தில் வைத்துச் சுழியம் பட்டனை அழுத்திவிட்டுப் பிறகுதான் கவ்வ வேண்டும். கசிவைத் தேட மல்டிமீட்டரைத் தொடரில், அதாவது கரண்ட் அதன் வழியாகவே போகும்படி, இணைப்பதுதான் சரி, ஆனால் அது இணைந்திருக்கும்போது மறந்துபோய் செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பெட்ரோல் வண்டி வைத்திருக்கும் நண்பர் வண்டியில் பிளக் வயர் அருகே கொண்டு போனபோது எண்கள் கண்டபடி குதித்தன, தள்ளிப் பிடித்ததும் சரியானது. பாசிட்டிவையும் நெகட்டிவையும் சேர்த்துக் கவ்விவிட்டால் ஒன்றை ஒன்று அடித்துச் சுழியம் காட்டும், ஆரம்பத்தில் எல்லோரும் செய்யும் தவறு.

கூட வந்த வயர்கள் ரொம்பக் குட்டை, ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு எட்டவில்லை. தனியாக நீள வயரும் முதலைக் கிளிப்பும் வாங்கியே தீர வேண்டும், ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கூர்முனையைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பது ஆபத்து. பதினைந்து நிமிடத்தில் தானாக அணைந்துவிடுகிறது, ஆன் செய்யும்போது ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் அதைத் தடுக்கலாம். செல்ஃப் அடிக்கும் நொடியின் உச்ச கரண்ட்டை என் மீட்டர் பிடிப்பதில்லை. அது வேண்டும் என்றால் இன்ரஷ் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டிக்கொண்ட வண்டியை இழுக்கும் மோட்டாரான வின்ச் வைத்திருப்பவர்கள் 600 ஆம்பியர் வரை அளக்கும் மாடலை எடுங்கள். பாரம் இழுக்கும்போது வின்ச் 400 ஆம்பியர் வரை குடிக்கும், பழைய வண்டியின் ஆல்டர்னேட்டர் கொடுப்பது பெரும்பாலும் 35 முதல் 60. மீதி முழுவதும் பேட்டரியிலிருந்து போகிறது என்று மீட்டரில் கண்ணால் பார்த்த பிறகு, வின்ச் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இப்போது இழுப்புக்கு நடுவே நிறுத்தி எஞ்சினை ஓடவிடுகிறார்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண். அந்த ஒன்று குட்டை வயருக்காகவும் தள்ளாடும் சுழியத்துக்காகவும் குறைந்தது. மீட்டர் இப்போது சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது, அதன் உள் பேட்டரியை மட்டும் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன், வெயிலில் கசிந்துவிடக் கூடாது என்று.